கிழக்குத் தெரு ஏரி

1996ஆம் ஆண்டு சித்திரையில், வரைபடம் ஒப்புதலான மறுநாள் காலை, நல்லேரிப்பாக்கம் கிழக்குத் தெருவின் பதினோரு வீடுகளுக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தெருவில் ஒரு சொட்டு ஈரமில்லை. வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வெளியே வரவுமில்லை. அதே காலையில் ஊருக்கு மேற்கே இருந்த ஏரி, மதகிலிருந்து எதிர்க்கரை வரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. செங்கல்பட்டு பஸ் வழக்கம்போல இருபது நிமிஷம் தாமதமாக வந்தது.

காரணம் தெரிய வெகுநாள் ஆகவில்லை. கல்பாக்கத்து உத்தியோகஸ்தர்களும் சென்னையிலிருந்து தெற்கே நகர்ந்துவந்த சம்பளக்காரர்களும் குடியேற இடம் வேண்டுமென்று வட்டாரம் முழுவதற்கும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் போட்டார்கள். குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை, நீர்நிலைக்கு நீலம். கோடு கலையக் கூடாதென்று ட்ரேசிங் தாளின் பின்பக்கம் வண்ணம் பூசுவது வரைவாளர்களின் வழக்கம். தாமோதரன் என்ற வரைவாளர் அப்படிப் பூசிவிட்டு, நகலெடுக்கும்போது இந்த ஒரு ஊரின் தாளை மட்டும் திருப்பிப் போட மறந்தார். மேற்கே இருந்த நீலம் கிழக்கே போயிற்று, கிழக்கின் மஞ்சள் மேற்கே வந்தது. ஆறு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து விழுந்தபின் நிலம் என்ன செய்யும், பாவம், கீழ்ப்படிந்தது. ஆட்சேபணைக்குக் கொடுத்த அறுபது நாளும் தீர்ந்த பிறகே தண்ணீர் வந்ததால், ஆட்சேபிக்க ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பத்து வீட்டார் காலிசெய்து போனார்கள். பதினோராம் வீட்டுக்காரி வேண்டா மட்டும் போகவில்லை. அது புருஷன் முனிசாமி தன் கையால் செங்கல் அடுக்கிக் கட்டிய வீடு. அவன் செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அடுப்பை மேசைமேல் ஏற்றினாள், கட்டிலுக்குக் கீழே கருங்கல் முட்டுக் கொடுத்தாள். அரிசிப் பானையைச் சுற்றிக் கெண்டை மேய்ந்தது. வருஷம் தவறாமல் செங்கல்பட்டுக்குப் போய் மனுக் கொடுத்தாள். வந்த அதிகாரிகள் பேண்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, ஆழம் அளந்து, 'ஏரி, திட்டப்படி சரியாக உள்ளது' என்று எழுதிப் போனார்கள். மகள் திவ்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேட்டியை மடித்துக்கட்டி நின்றபடியே காபி குடித்துவிட்டு, ஏரிக்குள் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். திவ்யா பொத்தேரியில் ஹாஸ்டல் சமையலுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

2001இல் தாமோதரனே வந்தார். வாசற்படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

"என் கைத்தப்புதாம்மா. திருத்தணும்னா வீட்டுக்காரங்க மனு போடணும். ரெகார்டுல இங்க வீடே இல்லியே."

"அப்ப நான் இன்னா சார், மீனா?"

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஓய்வு பெற்றார். வேண்டாவுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

2006இல் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். "பத்து வருசமா தண்ணிதான் என் வூட்ட ஆக்கிரமிச்சுகினு கீது, அத்த மொதல்ல காலி பண்ணச் சொல்லு" என்று வேண்டா கத்தியதைப் போலீஸ்காரர்கள்கூடச் சிரிக்காமல் கேட்டார்கள். பிறகு பொக்லைன் வந்தது. சுவர்கள் விழுந்தன, தண்ணீர் விழவில்லை. கூடம், உள்ளறை, அடுப்பங்கரை என்று அதனதன் அளவில், சுவரில்லாமல், முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது. நாலு நாள் கூட்டமாக வந்து பார்த்தவர்கள் ஐந்தாம் நாள் வரவில்லை.

மேற்கே, ஏரி இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. எத்தனை போர் போட்டும் அங்கே புழுதிதான் வந்தது. ஆகவே கிழக்குத் தெருவிலிருந்து டேங்கர் லாரி தண்ணீர் எடுத்துப் போயிற்று. வேண்டா அந்தக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில் ஜெகதாம்பாள் வீட்டுக்குத் தரை துடைக்கப் போனாள். ஒருநாள் வாளியில் துணியை முக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீரில் அவள் அடுப்புப் புகையின் வாசனை வந்தது.

"என்னம்மா, வேலையை விட்டுட்டு நிக்கற?" என்றாள் ஜெகதாம்பாள்.

"ஒண்ணுமில்லம்மா. இது எங்க அடுப்பங்கரைத் தண்ணி."

"அப்படியா? அப்ப சுத்தமாத்தான் இருக்கும். குடிக்கறதுக்கும் ரெண்டு குடம் பிடிச்சு வெச்சுடு."

வேண்டா இரண்டு குடம் பிடித்து வைத்தாள்.