ஈயம் வைத்த பாம்படம்

தாராவியில் அந்தக் காலத்தில் ஒரு பொம்பளையின் சொத்துக் கணக்கைத் தெரிந்துகொள்ள யாரும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. காதைப் பார்த்தால் போதும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு எல்லாம் தோளைத் தொடுகிற காது, அதில் பாம்படம். பாம்படம் கிடந்தால் கடைக்காரன் கேட்டதைப் பொட்டலம் கட்டித் தருவான். காது மூளியாகிவிட்டால் அவன் கண்ணுக்கு ஆளே தெரியாது.

பேராச்சியின் காதிலும் பாம்படம் கிடந்தது. ஆனால் அது தங்கமில்லை. இது அவளுக்குத் தெரியும், அவள் புருஷன் பிரம்மநாயகத்துக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அவளுக்கு அன்றைக்கிருந்த ஒரே கவலை.

பிரம்மநாயகம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். நாற்பத்து நாலாம் வருஷம், சித்திரை பிறந்த கையோடு, அங்கே கப்பல் வெடித்ததே, அன்றைக்கு எங்கிருந்தோ பறந்து வந்த இரும்புத் துண்டு அவன் வலது காலில் விழுந்தது. மூன்று மாசம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டிலுக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் சீட்டெழுதி வெளியில் வாங்கச் சொன்ன மருந்துக்குக் காசு. வீட்டு வாடகைக்குக் காசு. பேராச்சி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜவேரி பஜாருக்குப் போய்ப் பாம்படத்தை விற்றாள். காலை எடுக்க வேண்டும் என்று சொன்ன டாக்டரே பிறகு, வேண்டாம் என்றார். விந்தி விந்தித்தான் நடந்தது. ஆனாலும் அவனுடைய சொந்தக் கால்.

பாம்படம் போன பிறகும் இரண்டு கடன் பாக்கி இருந்தது. மளிகைக் கடை கணேசபாண்டியனுக்கு எண்பத்து நாலு ரூபாய். வட்டிக்கு விடுகிற பட்டாணியன் இனாயத்துல்லாவுக்கு அறுபது ரூபாய். தங்கம் போய்விட்டது என்று தெரிந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். அவள் சேவு பொரிக்கிற இரும்புச் சட்டியைத்தான் முதலில் தூக்குவார்கள். அந்தச் சட்டியை வைத்துத்தான் தோல் பதனிடுகிற ஷாப் வாசலில் தினம் பொட்டலம் விற்று இரண்டு வயிறு நிறைந்தது. சட்டி போனால் பிழைப்பு போச்சு.

அதனால் மாட்டுங்கா மார்க்கெட்டில் முலாம் பூசிய பித்தளைப் பாம்படம் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். போட்டால், அது வெறும் கூடு. காற்றடித்தால் அரசிலை மாதிரி ஆடியது. கனமில்லாத பாம்படத்தைக் கண்டுபிடிக்க எந்தப் பொம்பளைக்கு எத்தனை நேரமாகும்? அப்போது அவளுக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது. காது வளர்ப்பதற்கு ஈயக் குணுக்கு மாட்டிவிடுவார்களே, அது. மாஹிமுக்கு நடந்தாள். மீன்காரி ஒருத்தியிடம் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை வாங்கி வந்து, உருக்கி, இரண்டு கூட்டுக்குள்ளும் தளும்பத் தளும்ப ஊற்றி அடைத்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

ஆவணி மாசம் ஒரு புதன்கிழமை கணேசபாண்டியன் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, மாசம் பத்து ரூவா இனி ஏலாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு ரூவா தாரேன். பழைய பாக்கியிலயும் கொஞ்சம் தள்ளிக் குடுங்க."

கணேசபாண்டியன் தராசைக் கீழே வைத்துவிட்டு அவள் காதையே பார்த்துச் சிரித்தான்.

"ஏ பேராச்சி, போன மாசம் ஓம் பாம்படம் தோளைத் தொட்டுச்சு. இந்த மாசம் தோள்மேல உக்காந்திருக்கு. பவுனு மட்டும் கூடிக்கிட்டே போவும், கடன் மட்டும் கொறையணுமாக்கும்?"

அவளுக்குச் சுரீர் என்றது. நிஜப் பாம்படம் மெல்லிய தகடுதானே, உள்ளே அரக்குத்தானே! அவளோ கெட்டி ஈயத்தை ஊற்றி வைத்திருக்கிறாள். ஏழை என்று தெரியக் கூடாது என்று பார்த்தவள், பணக்காரியாகத் தெரிந்து வந்து நிற்கிறாள்.

"சரி, கொறைக்கேன்," என்றான் அவன். "அதுக்கு முன்னால சொல்லு. சேவு வித்து என்ன வருது? ஓம் புருஷனுக்குத் தொறமுகத்துல என்ன குடுத்தான்? வேற எவங்கிட்ட எம்புட்டு வாங்கியிருக்க? அம்புட்டையும் அவுத்து வையி. பாத்துக் கொறைக்கேன்."

"எவ்வளவு தருவேன், என்னைக்குத் தருவேன், எங்க வச்சுத் தருவேன். இந்த மூணையும் கேளுங்க அண்ணாச்சி, சொல்லுதேன். மிச்சம் என் அடுப்படி. உங்க குடோன்ல எத்தன மூட்டை கெடக்குன்னு நான் கேட்டேனா?"

அவன் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கறுத்தது.

"அப்படியா சேதி? வாற ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம் இருக்கு. அங்கன வச்சுப் பேசிக்கிடுவோம்."

திருநெல்வேலிக்காரர்கள் எல்லாம் தாராவியில் மாசம் ஒருமுறை கோயில் முன்னால் கூடுவார்கள். பெரியவர் பூதத்தான் நடுவில் உட்காருவார். கடன் வழக்கு வந்தால் இரண்டு தரப்புக் கணக்கையும் சபையில் உரக்க வாசிக்க வேண்டும். கடன்பட்டவர்கள் காதில் கழுத்தில் கிடப்பதைக் கழற்றி, விரித்த துண்டில் வைக்க வேண்டும். தட்டான் உரைகல்லோடு தயாராக இருப்பான். கல்லில் ஒரே ஒரு இழு இழுத்தால் போதும், பேராச்சியின் கதை சந்தி சிரித்துவிடும். நடுவில் மூன்று நாள்தான்.

வீட்டில் பிரம்மநாயகம் சொன்னான்: "ஏளா, நான் போய்க் கேக்கட்டா? இந்தக் காலைப் பாத்தா எரக்கப்படுவான்."

"எரக்கத்துக்கு வட்டி ஜாஸ்தி. நீங்க மாவைச் சலிங்க."

அவன் சிரித்துக்கொண்டே சலித்தான்.

வியாழக்கிழமை காலையில் அவள் மாஹிமுக்குப் போனாள். இனாயத்துல்லா அங்கே ஓர் ஈரானி ஹோட்டலில் உட்கார்ந்திருப்பான். ஆறடி ஆள், பக்கத்தில் தடி. அவன் வட்டி ரூபாய்க்கு மாசம் இரண்டணா. நாலு மாசமாக மாசம் ஏழரை ரூபாய் கொடுத்து வந்தாள். முதல் மட்டும் ஆட்டுக்கல் மாதிரி அசையாமல் அதே அறுபதில் உட்கார்ந்திருந்தது.

"கான் சாயிபு, மேரா பாத் சுனோ, நான் சொல்வதைக் கேள்," என்று ஆரம்பித்தாள். பாதி ஹிந்தி, பாதி திருநெல்வேலி. ஆனால் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. "முப்பது ரூபாய் வட்டியே கொடுத்துவிட்டேன். இனி வட்டி கிடையாது. மாசம் அஞ்சு ரூபாய். முதல் தேதி. இதே மேசை. பன்னிரண்டு மாசத்தில் உன் முதல் உன் கைக்கு வந்துவிடும். நீ என் வாசலுக்கு வந்து நிற்கக் கூடாது."

ஹோட்டல்காரர் திரும்பிப் பார்த்தார். கடன் வாங்கினவள் பேசுகிற தோரணையா அது?

இனாயத்துல்லா டீயை உறிஞ்சினான். "ஒரு காதில் கிடப்பதைக் கழற்றி என்னிடம் வை. வட்டியே வேண்டாம்."

"காதில் கிடப்பது என் காதுக்கு. கையிலிருந்து வருவது உனக்கு."

அவன் அவளுடைய காதை உற்றுப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "காது பழுத்திருக்கிறதே, தங்கச்சி. தங்கம் போட்ட காது பழுக்காது."

இருபது வருஷமாக அடகு நகை பார்த்த கண்ணல்லவா! ஆனாலும் பேராச்சி தலை குனியவில்லை. கையைக் காதுக்குக் கொண்டுபோகவும் இல்லை.

"பழுத்தாலும் என் காது," என்றாள்.

பட்டாணியன் மேசையில் தட்டிச் சிரித்தான். "என்னிடம் வருகிறவர்கள் பெண்டாட்டிக்குக் காய்ச்சல், பிள்ளை பட்டினி என்று வீட்டையே கொண்டுவந்து இந்த மேசையில் கொட்டுவார்கள். அவர்களுக்கு நான் ஒரு பைசா குறைத்ததில்லை. நீ எதையும் கொட்டவில்லை. தேதி சொன்னாய். சரி, அஞ்சு ரூபாய். ஆனால் ஒன்று. நான் வட்டியை விட்டது வெளியில் தெரியக் கூடாது. தெரிந்தால் நாளைக்குத் தாராவி முழுவதும் இங்கே வரிசையில் நிற்கும். நான் உன் காதைப் பார்க்கவில்லை. நீ என் வட்டியைப் பார்க்கவில்லை. சம்மதமா?"

"சம்மதம்."

சுருக்குப்பையை அவிழ்த்து முதல் அஞ்சு ரூபாயை எண்ணி வைத்தாள். தேதி வர இன்னும் நாளிருந்தது. இருந்தும் வைத்தாள்.

திரும்பி நடக்கிற வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. வாங்கினவளுக்கு மட்டும்தான் மறைக்க அடுப்படி உண்டு என்று நினைத்தோமே, கொடுத்தவனுக்கும் ஒன்று இருக்கிறதே! அப்போதுதான் குடோன் என்றதும் கணேசபாண்டியன் முகம் போன போக்கு நினைவுக்கு வந்தது. ரேஷன் காலம் அது. சீனிக்கும் அரிசிக்கும் சர்க்கார் விலை உண்டு. கணேசபாண்டியன் அந்த விலைக்கா கொடுத்தான்? ஒவ்வொன்றும் அவன் நோட்டில், அவன் கையெழுத்தில், அவள் பெயருக்குக் கீழே கிடக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

"அண்ணாச்சி, நாளைக்குக் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வருவியள்லா?"

"பின்ன, வெறுங்கையோடயா வருவேன்?"

"என் பக்கத்தை மொதல்லயிருந்து வாசிப்பாவ. சீனி ரெண்டு சேரு, இன்ன வெல. அரிசி மூணு சேரு, இன்ன வெல. பூதத்தான் மாமாவுக்குத் தொண்டை கணீர்னு இருக்கும். கூட்டத்துல இருக்க அத்தன பேருக்கும் ரேஷன் கடை வெல மனப்பாடம்."

கணேசபாண்டியன் சுற்றுமுற்றும் பார்த்தான். "என்னட்டி, மெரட்டுதியா?"

"சீச்சீ. கூட்டத்துக்கு இழுத்தது நீங்க, நானா? எங்க வீட்டுல அடுப்பு எரியாத நேரத்துல அரிசி தந்த கை உங்க கை. அது எங்கிருந்து வந்துச்சுன்னு நான் அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல. நீங்க நாளைக்கு என்ன செஞ்சாலும் என் வாயால ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா நோட்டுக்கு வாய் இருக்கே அண்ணாச்சி? அதான் யோசிச்சுக்கிடுங்கன்னு சொல்ல வந்தேன். உங்க அடுப்படி உங்களோட இருக்கட்டும். என்னுது என்னோட இருக்கட்டும்."

சொல்லிவிட்டு ஒரு வெள்ளி ரூபாயைத் தராசுத் தட்டில் வைத்தாள். தட்டு லேசாகத் தாழ்ந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக விலையைத் திருத்திக் கூட்டினான். நெடுநேரம் கூட்டினான்.

"எழுவது வருது," என்றான்.

"எனக்கும் எழுவதுதான் வந்துச்சு," என்றாள் பேராச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவள். வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு அவள் ஏற்கெனவே கூட்டி வைத்திருந்தாள்.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுபது என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு ரூபாய் வரவு வைத்தான். அவள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவள் தலை வாரி, பூ வைத்துக்கொண்டு போனாள். துண்டு விரித்தாகிவிட்டது. தட்டான் உரைகல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பூமாரி, வேடிக்கை பார்க்கவென்றே முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

"கணேசபாண்டியா, என்னமோ வழக்கு இருக்குன்னியே?" என்றார் பூதத்தான்.

"வழக்கு ஒண்ணுமில்ல மாமா. எங்களுக்குள்ள பேசியாச்சு."

"என்ன பேசுனிய?"

"அது எங்களுக்குள்ள."

கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. விரித்த துண்டை உதறி மடித்தார்கள். பூமாரிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"மைனி, அந்தப் பாம்படத்தை ஒருக்க கழத்திக் காட்டுனா என்ன? எம்புட்டுப் பவுனுன்னு கையில வச்சுத் தூக்கிப் பாக்கேன்."

"வேண்டாண்டி. ஓங் கை தாங்காது," என்றாள் பேராச்சி. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பிறகு எழுபதாவது சனிக்கிழமை வரை அவள் அந்தக் கனத்தைச் சுமந்தாள். ஈயத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்றால், ஊரார் உடனே நகையை விற்றுவிட்டாள் என்பார்கள். அதனால் குறைக்கவில்லை. காது பழுத்துப் பழுத்து ஆறியது. பிரம்மநாயகம் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தினமும் தடவிவிடுவான். "எங் காலு ஒங் காதுல தொங்குது," என்பான். "தொங்கட்டும், விழாமப் பாத்துக்கிடுதேன்," என்பாள் அவள். சேவு நன்றாக விற்றது. அவன் உட்கார்ந்த இடத்திலேயே பொட்டலம் மடித்தான். மழையடித்த சனிக்கிழமை, காய்ச்சலாகக் கிடந்த சனிக்கிழமை, ஷாப் மூடிக்கிடந்த சனிக்கிழமை எதுவும் தப்பவில்லை. பட்டாணியன் கணக்கு பன்னிரண்டாம் மாசம் முடிந்தது. அவன் தடியோடு எழுந்து நின்று கடைசி அஞ்சு ரூபாயை வாங்கிக்கொண்டான்.

மறு வருஷம் கார்த்திகையில் கணேசபாண்டியன் அவள் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டான். "இனி என்ன வேணும்னாலும் கடனுக்கு வாங்கிக்க, பேராச்சி," என்றான். "காசுக்கே வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே மாஹிமுக்கு நடந்தாள்.

அதே மீன்காரியின் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பாம்படத்தையும் கழற்றினாள். கூட்டை நெளித்து ஈயத்தை வெளியில் எடுத்தாள். மீன்காரி அதைக் கையில் வாங்கிக் கனம் பார்த்து, பதிலுக்கு இரண்டு வவ்வால் மீனை இலையில் சுற்றிக் கொடுத்தாள். பித்தளைக் கூட்டைப் பேராச்சி அங்கேயே எறிந்துவிட்டாள்.

மூளிக் காதோடு தாராவி மெயின் ரோட்டில் நடந்து வந்தாள். மறைத்து முக்காடு போடவில்லை. சந்துக்குள் போகவில்லை. பட்டப்பகலில், நடுத்தெருவில், வெறும் காது இரண்டும் வீசி வீசி ஆட நடந்தாள். எத்தனை லேசாக இருந்தது தெரியுமா!

குழாயடியில் நின்ற பூமாரி குடத்தைக் குழாய்க்கடியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ மைனி, காது மூளியால்லா கெடக்கு! பாம்படம் எங்க? வித்துட்டியளா? அடகா? எம்புட்டுக்கு?"

பேராச்சி நின்றாள். நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கடன் குடுத்தவனுக்கே சொல்லல. ஒனக்கா சொல்லப் போறேன்? போடி, கொடம் வழியுது பாரு."

இலையில் சுற்றிய மீனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் தன் அடுப்படியைப் பார்த்து நடந்தாள்.