அங்கிள் பாவம்

லோஷினி இந்த வாரம் ஒரு நாள்கூடக் கீழ்வீட்டுக்குப் போகவில்லை என்பது, கமலநாதன் கேட்ட பிறகுதான் பிரேமலாவுக்குத் தெரிந்தது.

தெப்ராவ் தொழிற்சாலையில் வேலை முடிந்து அவள் அடுக்குமாடிக்குள் நுழைந்தபோது, தரைத்தளத்துக் கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாப்பாவுக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். பள்ளி விட்டு வந்ததும் எதிர்க்கடையில் அவருக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பது எட்டு வயது லோஷினியின் வழக்கம். போன வருடம் பிரேமலா அனுப்பித் தொடங்கியது. பிறகு சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

காய்ச்சல் எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். கணவன் சுகுமாறன் இரவு வேலைக்குப் போகவேண்டியவன், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். லோஷினி மேசையில் மறைக்கல்விப் புத்தகத்தை விரித்து வைத்து அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

தேவாலயத்தில் மறைக்கல்வி ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. பிள்ளை தமிழில் ஜெபிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது பிரேமலா. வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள், முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் நான் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஃபாதர் ஒப்புக்கொண்டார். பிரேமலா இந்து வீட்டில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன்புதான் ஞானஸ்நானம் பெற்றாள். நேற்று வந்தவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்று நாத்தனார் கேட்டதை அவள் மறக்கவில்லை. அதனால் கேள்வி பதிலை முதலில் தான் மனப்பாடம் செய்துகொண்டுதான் மகளுக்குச் சொல்வாள்.

கீழே ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

"அவருகிட்டப் போகக்கூடாதுல்ல மா."

பிரேமலா புத்தகத்தை மூடினாள். அவர் ஏதாவது செய்தாரா, தொட்டாரா என்று குரலை அடக்கிக் கேட்டாள். இல்லையாம். திட்டினாரா? அதுவும் இல்லையாம். அப்படியென்றால் போகக்கூடாது என்று சொன்னது யார்?

"நீங்கதான்."

"நான் எப்போமா சொன்னேன்?"

"அங்கிள் பாவம், அங்கிள் பாவம்னு எப்பவும் சொல்வீங்க. ஞாயித்துக்கிழமை பாடத்துல பாவத்துக்குப் பக்கத்துலயே போகக்கூடாதுன்னு சொன்னீங்க."

பிரேமலா நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. அது வேறு பாவம், இது வேறு பாவம் என்றாள். ரெண்டுக்கும் ஏன் ஒரே பேர் என்று பிள்ளை கேட்டது. யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் இரண்டையும் ஒரே வாயால் சொல்லியும், ஒரு நாளும் அவை ஒன்றோடொன்று முட்டியதில்லை. கடைசியில் மலாய்தான் கைகொடுத்தது.

"பாடத்துல வர்றது டோசா. அங்கிள் பாவம்னா கெசியான். புரியுதா?"

லோஷினியின் முகம் தெளிந்தது. உடனே மறுபடியும் சுருங்கியது.

"அப்போ நான் அங்கிள்கிட்டப் போகாம இருந்தேனே, அது டோசாவா? ஃபாதர்கிட்டச் சொல்லணுமா?"

தெரிந்தும் மனம் ஒப்பியும் செய்தால்தான் பாவம். அந்தப் பதில் பிரேமலாவுக்கு மனப்பாடம். பிள்ளை தெரிந்து செய்யவில்லை. சொல்லப்போனால், நல்லவளாக இருக்கவேண்டும் என்றுதான் போகாமல் இருந்திருக்கிறது. ஆனால் கீழே ஒரு மனிதர் வாரம் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே. அது பாவம் இல்லையென்றால் அதற்கு என்ன பெயர்? அது யாருடைய கணக்கில் சேரும்? கற்றுக்கொண்டவளுடையதா, கற்றுக்கொடுத்தவளுடையதா? நாத்தனார் கேட்டது சரிதானோ என்று தோன்றியது. பிள்ளைக்கு இருந்த இரக்கத்தை, வேதம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று தானே பிடுங்கிவிட்டாளோ?

"தெரியல மா," என்றாள். "எனக்கே தெரியல. வா, கீழ போலாம்."

கமலநாதன் அதே இடத்தில்தான் இருந்தார். லோஷினி கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"சாரி அங்கிள். நீங்க பாவம்னு நெனச்சுட்டேன்."

அவர் முகம் மாறியது. "யாரு பாவம்? நான் பாவமெல்லாம் இல்ல பாப்பா. பெக்கான் நானாஸ்ல லோரி ஓட்டுன ஆளு லா நான். பசிக்குது, அவ்ளோதான்."

பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தது. இது எந்தப் பாவம் என்று கேட்கிற பார்வை. பிறகு லோஷினி அவரிடமே திரும்பினாள்.

"ரொட்டிக்குத் தொட்டுக்க டாலா, மீன் கறியா?"

"மீன் கறி."

பிள்ளை கடைக்கு ஓடியது. என்னம்மா இதெல்லாம் என்று அவர் கேட்க, பிரேமலா தயங்கித் தயங்கி முழுவதையும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தாள்.

"அலமாக்," என்று நெற்றியில் தட்டிக்கொண்டார் கமலநாதன். "ஒரு வாரமா பிசாசா இருந்திருக்கேன், எனக்கே தெரியாம."

அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிள்ளையின் கேள்விக்குப் பதில் என்னவென்று இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் கேட்கவேண்டும். அதற்கு முன்னால், இன்று பாடத்துக்கு உட்காரும்போது, அம்மாவுக்கும் தெரியாத கேள்விகள் இருக்கின்றன என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

லோஷினி சாலையின் அந்தப் பக்கம் நின்று இரண்டு புறமும் பார்த்தாள். சூடான கறிப் பொட்டலம் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தாள். பிரேமலா போய்க் கம்பிக் கதவைத் திறந்து வைத்தாள்.