காணாமல் போன ஸ்க்ரூ

நகைக்கடையில் அலாரப் பெட்டியை மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ கைநழுவி விழுந்தது. அலாரக்காரர் ஏணியிலிருந்து இறங்கி மேஜைக்கடியில் தவழ்ந்தார். கடை ஆட்களையும் தவழவிட்டார். கிடைக்கவில்லை. கடையில் பூதம் குடியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேறொன்றை மாட்டினார்.

சாயங்காலம் வீட்டில் அவர் காலுறையைக் கழற்றியபோது மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொளதொள ஷூவுக்குள் விழுந்த ஸ்க்ரூ குதிகாலில் ஏறி நின்றது. நாளெல்லாம் அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறார் மனிதர்.

தனக்கு இரும்பு உடம்பு என்று அவருக்கு ஒரே பெருமை. சர்க்கரை வந்து வெகுகாலமாகிறது. மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மனைவி அவரையும் அவர் பெருமையையும் சேர்த்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

காலுக்குக் கட்டுப் போட்டாயிற்று. மனைவி அதோடு விடவில்லை. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, குமட்டுகிறது, லேசாகக் காய்ச்சலும் அடிக்கிறது, கேட்டால் எல்லாம் வாயு என்கிறார் என்று போட்டுக்கொடுத்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை முழுக்கக் கல், வீக்கம் வேறு.

"வேற யாராயிருந்தாலும் வலியில துடிச்சிருப்பாங்க," என்றார் டாக்டரம்மா. கட்டுக்கடங்காத சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் பித்தப்பை சரியாகச் சுருங்காது, பித்தம் தேங்கிக் கல் சேரலாம், வலி சொல்லும் நரம்பும் மரத்துப்போனால் பை அழுகினாலும் தெரியாமல் போகலாம் என்று விளக்கினார். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

அலாரக்காரர் நழுவப் பார்த்தார். "வலிக்கட்டும், அப்பப் பார்த்துக்கலாம்."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "மணிதான் அடிக்கலையே, அலாரத்தை எதுக்குச் சோதிக்கணும்னு கடைக்காரங்க கேட்டா, நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் தானாகவே திறந்தது. "கம்பி அறுந்திருந்தா திருடன் வந்தாலும் மணி அடிக்காது." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பயந்துதான் போனார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.

பித்தப்பை போயிற்று, ஆள் பிழைத்தார். இப்போது மாத்திரை தவறுவதில்லை, ஷூவை உதறாமல் போடுவதுமில்லை. நகைக்கடைக்கு மறுபடி போனபோது அந்த ஸ்க்ரூவை எடுத்து முதலாளியின் மேஜைமேல் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"உங்க கடையில பூதம் இல்லைங்க, அது என் உடம்புலதான் இருந்துச்சு. சர்க்கரை இருக்கிறவங்க, வலிக்கலையேன்னு சும்மா இருந்துடக் கூடாது. வலி வந்துதான் சொல்லணும்னு காத்திருக்காம, நாமளே போய் உடம்பைக் காட்டிடணும்."

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் முதலாளி, மேஜைக்கடியில் மெல்லத் தன் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டார்.