பக்கத்து இருக்கையின் பிரேக்

மெக்கானிக் அண்ணன் கருவிப்பெட்டியோடு வந்து நின்றபோது அம்மா காருக்குள் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். கார் எங்கேயும் கிளம்பவில்லை. நான்கு மாதமாக வீட்டு முன்னால் தகரக் கூரைக்குக் கீழே நின்ற இடத்தில்தான் நிற்கிறது. சாப்பிட்ட கையோடு வந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில், அதாவது அப்பாவின் இருக்கையில், ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வது அம்மாவுக்கு வழக்கமாகிவிட்டது. கேட்டால், "உள்ளே வெயில் வராது, ஈ வராது, நீயும் வந்து தொணதொணக்க மாட்டே" என்பாள்.

அன்று நான்கு மணிக்குக் காரை வாங்குகிறவர் வருவதாக இருந்தது. அதற்குள் கூரைமேல் இருக்கும் பயிற்சிப் பள்ளிப் பலகையையும் அப்பாவின் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கையும் கழற்றிவிட வேண்டும். விற்கும் முடிவு என்னுடையது. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு? உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஓட்ட ஆளில்லாமல் இல்லை. என் கைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது, இதுவரை முகவரிச் சான்றாக மட்டும் பயன்பட்டிருக்கிறது. நான் வண்டி ஓட்டினால் யாராவது செத்துப்போவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது.

அப்பா இருபத்தாறு வருடம் இந்த ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பல் டாக்டர், தையல்கடைக்காரர், தலைமையாசிரியை, அவர் வீட்டு மாப்பிள்ளை என்று ஊரில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்பதால் எல்லாருக்கும் அவர் மெதுவா மாஸ்டர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். ஒரு கம்பி அதை ஓட்டுகிறவரின் பிரேக்கோடு இணைத்திருக்கும். கற்றுக்கொள்கிறவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் விழிக்கும்போது மாஸ்டர் தன் காலால் வண்டியை நிறுத்திவிடலாம். அப்பாவின் உயிரே அந்தக் காலில்தான் இருந்தது. பேருந்தில் போகும்போது வளைவு வந்தால் அவர் கால் தரையை அழுத்தும். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் திரும்பி முறைப்பார், சீட்டு அப்படி உதைபட்டிருக்கும். அந்தக் காலின் செருப்புதான் எப்போதும் முதலில் தேயும். தேய்ந்ததை எறிந்துவிட்டு மற்றதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். "நல்லாத்தானே இருக்கு, எப்படித் தூக்கிப் போடுறது?" என்பார். படிக்கட்டுக்கு அடியில் இன்றும் ஏழு ஒற்றைச் செருப்புகள் இருக்கின்றன. ஏழும் ஒரே காலுக்கு.

சுத்தமான பயந்தாங்கொள்ளி. அதை அவரே ஒப்புக்கொள்வார். படுக்கப் போகும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை பார்ப்பார். மூன்றாவது முறை எதற்கு என்று அம்மா கேட்டால், "ரெண்டாவது தடவை பாக்கும்போது தொட்டேன்ல, அதுல தொறந்திருந்தா?" என்பார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வர ஐந்து நிமிடம் தாமதமானால் தெருமுனைக் கடையில் நிற்பார். என் தலை தெரிந்ததும், ஏதோ வாங்க வந்தவர்போல, கடைக்காரரிடம் ஒரு தீப்பெட்டி கேட்பார். எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன மாதம், சொட்டு மருந்துக்கு மணி வாரியாக அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒரு நாளைக்கு ஆறு முறை, பயிற்சிக்கு நடுவிலேயே வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, கற்றுக்கொள்கிறவரை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு ஓடிவந்து மருந்து விட்டுப் போவார். அந்த மாதம் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் வேறு எதில் எப்படியோ, எங்கள் வாசலில் வண்டி நிறுத்துவதில் மட்டும் கெட்டிக்காரர்கள். இப்படி ஒருவர் கண் எட்டும் தூரத்தில் வளர்ந்தது எனக்குக் கிடைத்த பாக்கியம். வளர்கிற வயதில் அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது வண்டி கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். நானும் அவர் பெற்ற பிள்ளைதானே, பயத்தில் அவருக்கு ஒரு படி மேல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பியதும் முதலில் மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குப் போவோம். "டயர்ல காத்துப் பாக்கணும், நீ போய் டீ வாங்கிட்டு வா" என்று என்னை எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுவார். நான் வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். பயிற்சி முடிந்து திரும்பும்போது மறுபடியும் பட்டறை, மறுபடியும் காற்று, மறுபடியும் டீ. ஒரு மணி நேரத்துக்குள் காற்று எங்கே போய்விடும் என்று கேட்பேன். "காத்தை நம்ப முடியாதும்மா" என்பார். கேஸை மூன்று முறை மூடுகிறவர் டயருக்கு இரண்டு முறை காற்றுப் பார்ப்பதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

ஏழாவது ஞாயிறோ எட்டாவது ஞாயிறோ, ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வரும் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளில் மூட்டையோடு குறுக்கே வந்துவிட்டார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதன் பிறகு நினைவில் இருப்பது டயர் தேய்ந்த சத்தம் மட்டும்தான். கண்ணைத் திறந்தபோது கார் நின்றிருந்தது. சைக்கிளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கையை நுழைக்கலாம், அவ்வளவுதான். அவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மூட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். நான் மெல்லத் திரும்பினேன். அப்பாவின் கால் அவருடைய பிரேக்கைத் தரையோடு அழுத்தியிருந்தது. முழங்கால் வெடவெடவென்று ஆடியது.

"நீங்கதானேப்பா நிறுத்தினீங்க?"

"இல்லம்மா. நீதான் நிறுத்தினே. நல்லா நிறுத்தினே."

அது அவர் எல்லாரிடமும் சொல்வதுதான். தானே பிரேக்கை அழுத்திவிட்டு, "பாத்தீங்களா, நீங்களே நிறுத்திட்டீங்க" என்று பல் டாக்டரிடமும் சொல்வார், தையல்கடைக்காரரிடமும் சொல்வார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். கண்ணால் பார்த்த பிறகு நான் எப்படி ஏமாறுவேன்? பட்டறைக்குத் திரும்பி நான் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் கன்னத்திலும் நெற்றியிலும் கிரீஸ் அப்பியிருந்தது. என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். சின்னப் பிள்ளைபோல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் ஒரு காலி மைதானத்தை ஆமை வேகத்தில் இரண்டு சுற்று சுற்றி உரிமம் வாங்கினேன். அத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சாவியை நீட்டுவார், நான் தலையாட்டிவிடுவேன், அவர் அதைத் திரும்ப ஆணியில் மாட்டுவார். நாள் தவறினாலும் அது தவறியதில்லை. ஒரு முறைகூட வற்புறுத்தியதில்லை, ஒரு முறைகூட கேட்காமலும் இருந்ததில்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் சாவியை நீட்டினார்.

மெக்கானிக் அண்ணன் பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். முந்தின நாளே வந்து பேட்டரிக்கு உயிர் கொடுத்திருந்தார். பாக்கி இருந்தது அந்தப் பெடல்தான்.

"அக்கா, கொஞ்சம் இறங்குனீங்கன்னா கழட்டிடுவேன்."

"நான் எதுக்கு இறங்கணும்? காலைத் தூக்கிக்கிறேன், நீ உன் வேலையைப் பாரு" என்று அம்மா இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி மடித்துக்கொண்டு செய்தித்தாளை விரித்தாள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்து, தலையை அம்மாவின் இருக்கைக்கு முன்னால் கீழே நுழைத்தார். ஏதோ டக்கென்று கழன்றது. பெடலைக் கம்பியோடு பூட்டும் விரல் நீளப் பின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இந்த ஒரு பின்னை எத்தனை தடவை கழட்டி மாட்டியிருப்பேன்" என்று சிரித்தார்.

"ஏண்ணே, அடிக்கடி ரிப்பேர் ஆகுமா?"

"ரிப்பேரா? எல்லாம் உன்னாலதான் பாப்பா. ஞாயித்துக்கிழமையானா காலைல கழட்டணும், நீங்க திரும்பி வந்ததும் மாட்டணும். மாஸ்டர் உங்கிட்ட சொன்னதே இல்லையா?"

செய்தித்தாள் கீழே இறங்கியது. "எதைக் கழட்டினே?" என்றாள் அம்மா.

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அம்மா கேட்டுவிட்டால் சொல்லாமல் தப்பித்தவர் கிடையாது. பின்னை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"'எனக்குக் கீழே பிரேக் இருந்தா நான் அழுத்திக்கிட்டே இருப்பேன்டா, அவ எப்ப ஓட்டுறது? கழட்டிடு'ன்னாரு. நான் முடியாதுன்னேன். மத்தவங்களுக்கெல்லாம் மாட்டித்தானே மாஸ்டர் ஓட்டுறீங்கன்னேன். 'மத்தவங்களுக்கு நான் இவ்வளவு பயப்படலையேடா'ன்னாரு. அதுக்கப்புறம் கழட்டிக் குடுத்துட்டேன்க்கா."

நான் அவர் பக்கம் போனேன். "அண்ணே, அந்த இறக்கத்துல ஒரு தடவை, ஒரு சைக்கிள்…"

"அன்னிக்கும் கழட்டித்தான் இருந்துச்சு. நீ டீ வாங்கப் போனதும் மாஸ்டர் ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு. எனக்கு ஒண்ணும் புரியல. 'அழுத்தினேன்டா, ஒண்ணுமே இல்லடா. அவதான் நிறுத்தினா'ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. முகம் தொடைக்கக் கையில கெடச்ச துணியைக் குடுத்தேன். அது கிரீஸ் துணின்னு அப்புறந்தான் பாத்தேன்."

அம்மா பிடித்துக்கொண்டாள். "பிரேக் இல்லாமலா! ஒத்தைப் பிள்ளையை உக்காரவச்சுக்கிட்டு! கேஸை மூணு தடவை மூடத் தெரியுது அந்த மனுஷனுக்கு, இது தெரியலையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா? வரட்டும், இன்னிக்கு…"

வரட்டும் என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "அவ காலுக்குக் கீழே பிரேக் இருந்துச்சுக்கா. அவருக்குத்தான் இல்ல" என்றார்.

நான் திகைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு வருடம் அந்தக் காலை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தரையோடு அழுந்திய பெடல், ஆடிய முழங்கால். அந்தப் பெடலுக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றும் இல்லாததை அழுத்திக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் என் தலை தெரியும்வரை நிற்க முடியாமல் நின்றவர், வாரா வாரம் தானே கேட்டு அந்தப் பின்னைக் கழற்றவைத்திருக்கிறார். என்னை நம்பினார் என்று சொல்வதுகூடப் போதாது. தன் பயத்தை அவர் நம்பவில்லை, என்னை நம்பினார். அவர் உண்மையைத்தான் சொன்னார், நான்தான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். பின்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் நம்பியிருப்பேன். ஏன் சொல்லவில்லை? சொன்னால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள் என்று பயந்திருப்பார். அதையும் சேர்த்துத்தான் நான் அவரை நேசிக்கிறேன். அப்பா, உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை, சொல்ல வேண்டியது என்னவென்றே இன்றுதான் தெரிந்தது.

உள்ளே போய் காரை வாங்குகிறவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்சம் கோபப்பட்டார், பட்டுக்கொள்ளட்டும். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் கம்பியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"பெடலையும் எடுத்துடவா அக்கா? சும்மாதான் நிக்குது, எதோடயும் மாட்டல."

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள் அம்மா.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அம்மா என்னையும் சாவியையும் பார்த்தாள். செய்தித்தாளை நான்காக மடித்துப் பின்சீட்டில் போட்டாள். தூக்கி வைத்திருந்த கால்களைக் கீழே இறக்கினாள். அண்ணன் தெருவுக்கு ஓடிப்போய் நின்று, விமானத்துக்கு வழிகாட்டுகிறவர்போல இரண்டு கையையும் ஆட்டினார். வண்டி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை நகர்ந்தது. தெருமுனைக் கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடியே வாயைப் பிளந்து பார்த்தார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தார். "அவருக்கு என்ன அவசரமாம், நீ மெதுவா போ" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தையைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக, நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினேன். பக்கத்தில் பார்த்தேன். அம்மாவின் ரப்பர் செருப்புக் கால் அந்தப் பெடலைத் தரையோடு சேர்த்து அழுத்தியிருந்தது. ரயில் போய் முடிந்தது, கேட் மேலே ஏறியது, லாரி கிளம்பியது. அம்மா காலை எடுக்கவில்லை. பெடல் தரையோடு அழுந்தியபடியே இருக்க, நான் வண்டியை மெல்ல நகர்த்தினேன்.