மாம்பலத்துச் சிங்கப்பூர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு வியாழக்கிழமை காலையில் கனகராஜும் அவன் மனைவி ரத்னாவும் மயிலாப்பூரை விட்டுச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்கள். சித்திரக்குளத்துப் பக்கத்தில் அவர்கள் தெருவே திரண்டு வந்து வழியனுப்பியது. எதிர்வீட்டு அம்மாக்கண்ணு மாலை போட்டாள். கனகராஜின் தாயார் தேவானை அழுத அழுகையைப் பார்த்து ஜட்காக்காரனே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வண்டி லஸ் முனையைத் தாண்டியது. துறைமுகத்துக்குப் போக வேண்டிய வண்டி மேற்கே திரும்பி, தேனாம்பேட்டை வழியாக மாம்பலத்துக்குப் போய் நின்றது.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. எல்லாம் சாஸ்திரப்படிதான். கப்பல் கிளம்புவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி. அஷ்டமியன்று அடுத்த தெருவுக்கு உப்பு வாங்கக்கூடப் போகாத தேவானை, அன்றைக்குப் பிள்ளையைக் கடல் தாண்ட விடுவாளா? ஜோசியர்தான் வழி சொன்னார். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளில் நல்ல வேளையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு வேறொருவர் வீட்டில் போய்த் தங்கிவிட வேண்டும். அப்புறம் கப்பல் எந்தக் கெட்ட நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. பயணம் வியாழக்கிழமையே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு நிபந்தனை, போகிற காரியம் முடியாமல் வீட்டு வாசற்படியைத் திரும்ப மிதிக்கக் கூடாது. மிதித்தால் குடும்பத்துக்கே ஆகாது.

தங்குவதற்கு அமைந்தது கரீமுல்லா வீட்டின் பின்கட்டு. பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் அவருக்கு டிரங்குப் பெட்டிக் கடை. பயணத்துக்குப் பெட்டி வாங்கப் போன இடத்தில்தான் கனகராஜுக்கு அவர் பழக்கம். சாயபு வீடாயிற்றே என்று தேவானை ஒரு நிமிஷம் தயங்கினாள். "வாசல் கிழக்கே பார்த்து இருக்குதா? அது போதும்" என்று ஜோசியர் தீர்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, கப்பலும் கிளம்பியது. இவர்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. அடுத்த கப்பல் என்றார்கள். அடுத்த கப்பலைப் பட்டாளத்துக்காரர்களை ஏற்றிவர எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். அதற்கடுத்த கப்பல் எங்கே இருக்கிறது என்று கம்பெனி ஏஜென்டுக்கே தெரியவில்லை. மலாயா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்காக, இருந்த குமாஸ்தா உத்தியோகத்தை டீ பார்ட்டி வைத்து ராஜினாமா செய்திருந்த கனகராஜ், தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ரத்னாவுக்குத் துக்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உள்ளுக்குள் அவள் கூத்தாடிக்கொண்டிருந்தாள்.

மயிலாப்பூர் வீட்டில் அவள் மூன்றாவது மருமகள். அடுப்பு மாமியாருடையது, அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓரகத்திகளுடையவை; புகை மட்டும் அவளுக்கு. எதைத் தொட்டாலும் "அது அங்க வெக்கிறதில்ல" என்று ஒரு குரல் வரும். கல்யாணமாகி நாலு வருஷத்தில் புருஷனின் குறட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும், அவன் சிரிப்பு தெரியாது. பகலில் அவனோடு பேச வேண்டுமானால் கிணற்றடியில் குடத்தைச் சத்தம் போட்டுத் தேய்த்துக்கொண்டு பேச வேண்டும். சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று அவளுக்குக் கவலை இல்லை. அங்கே தனக்கென்று ஓர் அடுப்பு இருக்கும், அதுதான் வேண்டும். அந்த அடுப்பு மாம்பலத்திலேயே கிடைத்துவிட்டது.

அக்கரைச் சீமை என்றால் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தானே செய்யும்? தண்ணீர் உப்புக் கரித்தது. கொசு பெரிது, கடித்தால் கால் வீங்கிப் போகும் என்று தேவானை முன்பே பயமுறுத்தியிருந்தாள். இவர்கள்தான் ஊரை விட்டுப் போய்விட்டார்களே என்று மயிலாப்பூர் ரேஷன் கடையில் இவர்கள் பங்கு அரிசியை நிறுத்திவிட்டார்கள். கரீமுல்லாவின் மனைவி ஜஹீதா தன் வீட்டுக் கோதுமையில் பங்கு கொடுத்து ரொட்டி இடக் கற்றுக்கொடுத்தாள். ரத்னா இட்ட முதல் ரொட்டி எந்த தேசத்துப் படம் என்று சொல்ல முடியாத வடிவத்தில் வந்தது. கனகராஜ் அதைச் சாம்பாரில் ஊறப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

பாஷையும் புதிது. "ஆவோ" என்றால் வா, "பைட்டோ" என்றால் உட்கார். ஜஹீதாவை "ஆபா", அதாவது அக்கா, என்று கூப்பிடப் பழகினாள் ரத்னா. யாரும் பின்னால் நின்று அது அங்கே வைப்பதில்லை என்று சொல்லவில்லை. உப்பு ஜாடியை இடது பக்கம் வைத்தாள். மறுநாள் வலது பக்கம் வைத்தாள். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள். அவனுக்குப் பாட வரும், ஆனால் நன்றாகப் பாட வராது என்பது அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

கனகராஜுக்குத்தான் வெளிநாடு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரமே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா கை மீன் குழம்பு, குளத்தங்கரைச் சிநேகிதர்கள், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று ஏங்கினான். நடந்தால் முக்கால் மணியில் போய்விடலாம். போகத்தான் கூடாது. பொழுது போக கரீமுல்லா கடையில் உட்கார்ந்தான். பெட்டி வாங்க வருகிறவர்களுக்குக் கப்பல் பிரயாணத்தைப் பற்றி உபதேசம் பண்ண ஆரம்பித்தான். வாந்தி வராமல் இருக்க எந்தப் பக்கம் பார்த்துப் படுக்க வேண்டும், பினாங்கில் என்ன விலைக்கு என்ன வாங்கலாம் என்றெல்லாம் சொன்னான். கப்பலையே கிட்டத்தில் பார்க்காதவன் சொன்னதைக் கேட்டு, ரங்கூன் வரைக்கும் போய்வந்தவர்கள்கூடத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடையில் வியாபாரம் சூடு பிடித்தது. கரீமுல்லா அவனுக்குச் சம்பளமே போட்டுக் கொடுத்துவிட்டார்.

மயிலாப்பூரில் தேவானைக்கு வேறு விதமான சங்கடம். பையன் கப்பல் ஏறிவிட்டானா என்று தெரு கேட்டது. பரஸ்தானத்தில் இருக்கிறவர்கள் போகவில்லை என்று வாயால் சொல்வது அபசகுனம். அதனால் "ஏறிட்டான்" என்றாள். ஏறியவன் இறங்க வேண்டாமா? இறங்கினான். இறங்கியவனுக்கு வீடு, வீட்டுக்குத் தோட்டம், தோட்டத்துக்குக் காவற்காரன் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்தது. குழாயடிக்கு அவள் வந்தால் குடங்கள் ஒதுங்கி வழிவிட்டன. வீட்டில் தங்கவேல், அதாவது அவள் புருஷன், "இன்னா தேவானை, வாய்க்குப் பூட்டே கெடையாதா?" என்று ஒருதரம் கேட்டுப் பார்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஆனால் பெற்ற வயிறு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் திருவான்மியூர் மருந்தீசுவரருக்கு வேண்டுதல் என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க அடையாறு பஸ்ஸில் ஏறுவாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு வேறு பஸ் பிடித்து மாம்பலம் வருவாள். கோயிலுக்குப் போகிற கூடைக்குள் மீன் குழம்புத் தூக்கு இருக்கும். ஒரு மணி நேரம் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு எழுந்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரமும் ரத்னா பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு ஜாடியை மயிலாப்பூரில் இருந்த இடத்தில் வைத்திருப்பாள்.

மூன்று மாதம் கழித்து ஏஜென்ட் கூப்பிட்டனுப்பினார். அந்த வேலைக்கு அங்கேயே ஓர் ஆளைப் போட்டுவிட்டார்களாம். அவ்வளவுதான்.

"வுடு ரத்னா" என்றான் கனகராஜ். அவன் முகத்தில் துக்கத்துக்குக் கீழே ஒரு நிம்மதி தெரிந்தது. "ஜோசியர் ஏதாவது பரிகாரம் சொல்லுவாரு. ஒரு தேங்கா ஒடச்சிட்டு ஊட்டுக்கே போயிடலாம். வெள்ளிக்கெழம அம்மா வரட்டும், சொல்லிடறேன்."

ரத்னா அன்றைக்கு அடுப்பை இரண்டு தரம் மெழுகினாள். ஜஹீதா வந்து "க்யா ஹுவா ரத்னாமா, ஒடம்பு செரியில்லையா?" என்று கேட்டபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறுபடியும் அந்தப் புகைக்குள், அந்தக் கிணற்றடிக்கு. கப்பல் போகாதது அவளுக்கு ஒரு நஷ்டமுமில்லை. மாம்பலம் கைவிட்டுப் போனால்தான் எல்லாம் போனது.

வெள்ளிக்கிழமை தேவானை வந்தாள். கனகராஜ் விஷயத்தைச் சொல்லி, "மூட்டை கட்டிக்கினு அடுத்த வாரம் ஊட்டுக்கு வந்துடறோம்மா" என்றான். ரத்னா கதவோரம் நின்று மாமியார் முகத்தையே பார்த்தாள். மகிழ்ச்சி பொங்கும் என்று எதிர்பார்த்தாள். பொங்கவில்லை. தேவானை திடுக்கிட்டுப் போனாள்.

"ஊட்டுக்கா? இன்னாடா சொல்றே நீ? அம்மாக்கண்ணு பையனுக்கு உன் தோட்டத்துல வேலை வாங்கித் தரேன்னு சொல்லிக்கீறேன்டா! நீ பாட்டுக்கு மாம்பலம் பஸ்ஸுல வந்து எறங்குனா நான் எங்க போயி முட்டிக்கிறது?"

"அப்ப இன்னாம்மா பண்றது?"

"இங்கியே கெட. சாயபு சம்பளம் தராரு இல்ல? அப்புறம் இன்னா? பரஸ்தானத்துல கீறவன் காரியம் முடியாம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொன்னது மறந்து பூட்டுதா?"

கல்யாணமாகி வந்த நாளாக மாமியார் வாயிலிருந்து இவ்வளவு நல்ல வார்த்தை வந்ததில்லை என்று ரத்னாவுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் பார்க்கில் அவள் இரண்டு பொட்டலம் கடலை தின்றாள்.

சந்தோஷம் இரண்டு வாரம் நீடித்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை பகல், கரீமுல்லா வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது, பின்னால் ஒரு படுக்கைச் சுருள், அதற்கும் பின்னால் கழுத்தில் ரோஜா மாலையோடு தேவானை இறங்கினாள்.

"இன்னா அத்தே இது?" என்றாள் ரத்னா.

"சிங்கப்பூர் வந்துட்டேன்" என்றாள் தேவானை, மாலையைக் கழற்றிக்கொண்டே.

நடந்தது இதுதான். குழாயடியில் நாலு பேர் நடுவில் அம்மாக்கண்ணு கேட்டிருக்கிறாள்: "அம்மாம் பெரிய ஊடு, தோட்டம், காவக்காரன்றே. பெத்தவளை ஒருதரம் வந்து பாருன்னு கூப்புட மாட்டானா ஒம்புள்ளே?" தேவானையின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது: அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல். அப்புறம் தெரு விட்டுவிடுமா? முறுக்கு சுட்டுக் கொடுத்தார்கள், மாலை வாங்கினார்கள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. மூத்த மருமகள்கள் இருவரும் ஒரே ராத்திரியில் பெட்டியைக் கட்டித் தயாராக வைத்துவிட்டார்களாம். ஒருத்தி திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டாளாம்.

"எத்தினி நாளு இருப்பீங்க?" ரத்னா குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அவ்ளோ தொலவு போயிட்டு ஒடனே திரும்புனா ஊரு சிரிக்காது? ஆறு மாசமாவது கெடக்கணும்."

ரத்னாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருப்பது ஓர் அறை, அதை ஒட்டிய சமையல் இடம். ஆறு மாசம்! அவள் விடுவிடென்று உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்தாள். மயிலாப்பூர் இடத்துக்கு அதை நகர்த்தப் போனவள், என்ன நினைத்தாளோ, இருந்த இடத்திலேயே ணங்கென்று வைத்தாள்.

ஜஹீதா விருந்தாளியைப் பார்க்க வந்தாள். "ஆவோ மா, பைட்டோ, பைட்டோ" என்றாள். இத்தனை வாரமும் ஒரு மணி நேரம் வந்துபோன தேவானை, இந்த வார்த்தைகளைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி சொல்றா?"

"உக்காரச் சொல்றாங்க."

பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். மத்தியானம் பிள்ளை கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போனான். ரொட்டியை அவள் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று பார்த்தாள். தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்தாள். வெயில் தாழ்ந்ததும் சட்டென்று எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனாள். தான் சிங்கப்பூரில் இருப்பது அங்கேதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிறிது நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றுவிட்டு, மெல்லத் திரும்பி வந்தாள்.

ரத்னா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். தேவானை சமையலிடத்துக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"ரத்னா, அடுப்பாண்ட நான் வரலாமாடி?"

இந்த நாலு வருஷத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்டுச் செய்தது கிடையாது. ரத்னா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். கோபம் இருந்தது, அதை எங்கே போட்டோம் என்றுதான் தெரியவில்லை.

"வேணாம் அத்தே. வந்த அன்னிக்கே இன்னாத்துக்கு? குந்துங்க. புது எடம், பழவறதுக்குக் கொஞ்ச நாளு ஆவும்."

தேவானை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உனக்கு எத்தினி நாளு ஆச்சி, பழவ?"

"எங்க அத்தே? இங்கியா, மயிலாப்பூர்லியா?"

அடுப்பு பற்றிக்கொண்டு புகை அடங்கியது. அப்புறம் தேவானை, வெங்காயமாவது உரிக்கிறேனே என்று கேட்டாள். ரத்னா முறத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.