நடுவழியில் நின்ற தேர்

ஹட்டன் மண்டபத்தில் டி.வி., ஹோம் தியேட்டர் கண்காட்சி. கடைக்காரர் ஷிஹாம் நானாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. துடைத்த திரையையே திரும்பத் துடைத்தார், வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். கொழும்புக் கம்பனி மேனேஜர் நிரஞ்சன் அன்று வந்து, ஸ்டாலைப் பார்த்துத்தான் ஏஜென்சி கொடுப்பாராம். ஆனால் டி.வி.யில் போட்டுக்காட்டக் கம்பனி தந்த மீன் படத்துக்கு ஒரு ஆள் வரவேண்டுமே!

நானா லேசுப்பட்டவரா? பூண்டுலோயா தேர்த் திருவிழா வீடியோவைப் போட்டுவிட்டார். மேளச் சத்தம் கேட்டதும் எதிர் ஸ்டால் கூட்டமெல்லாம் இங்கே திரண்டது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்கள். விலை கேட்கத்தான் ஒருத்தரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நிரஞ்சன் வந்தார்.

"நம்ம படம் எங்க?"

நானா பதறி ரிமோட்டை அமுக்கினார். தேர் மறைந்து மீன் நீந்தியது.

"ஐயோ நானா, தேரை நடுரோட்டுல நிப்பாட்டிட்டீங்களே! சாமி கோயிலுக்குப் போய்ச் சேர வேணாமா?" என்று சத்தம் போட்டாள் முன்னால் நின்ற பூரணி. மற்றவர்களும் அசைவதாக இல்லை.

ஏஜென்சி போனால் போகட்டும் என்று நானா மறுபடி தேரைப் போட்டார். நிரஞ்சன் முகத்தைப் பார்க்கப் பயந்து, துணியை எடுத்துக்கொண்டு திரையைத் துடைக்கப் போனார்.

"நானா, மறைக்காதீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

திரும்பினார். நிரஞ்சன்தான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.