அத்தானுக்குத் தோற்பது

கஜரூபன் போக்கரில் கெட்டிக்காரன் என்பது ஒஸ்லோவில் ஒருவருக்கும் தெரியாது. பிரேசிலிலும் கனடாவிலும் முகம் தெரியாத சிலருக்குத்தான் தெரியும். வாரநாட்களில் அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிறு வந்தால் வெஸ்ட்லியில் ஒன்பதாம் மாடியிலுள்ள தன் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, பக்கத்தில் ஒரு பெரிய கோப்பை தேத்தண்ணியை வைத்துக்கொண்டு உட்காருவான். ஐந்து டொலர் கட்டி இரண்டாயிரம் பேர் சேர்ந்து ஆடும் இணையப் போட்டி. தோற்கிறவர்கள் விழ விழ மிச்சப் பேர் மேலே ஏறுவார்கள். கஜரூபனுக்குப் பொறுமை அதிகம். நல்ல சீட்டு வரும்வரை ஒரு மணித்தியாலமும் சும்மா இருப்பான். வந்தபின் எதிரில் இருப்பவனை இரக்கமில்லாமல் துடைத்து எடுப்பான்.

2006ஆம் ஆண்டு பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிறு அவன் இரண்டாயிரத்து நானூறு பேரில் முப்பத்தோராவதாக வந்தான். எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினான். பிறகு இதை யாருக்குச் சொல்லலாம் என்று யோசித்தான். இருப்பது ஒரேயொரு அக்கா, அவளுக்குச் சொன்னால், "சூதாடுறியோ?" என்று கேட்பாள். கையைக் கீழே இறக்கி, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

சூது வேண்டாம் என்கிற அதே அக்காவின் வீட்டில்தான் சனிக்கிழமை பின்னேரங்களில் சீட்டு நடந்தது. அது சூதில்லை, ஏனென்றால் அதை நடத்தியவர் அத்தான்.

அத்தான் குகதாசன் ஸ்ட்ரோம்மனில் பெரிய கடைத்தொகுதி ஒன்றில் துப்புரவு வேலைக்கு மேற்பார்வையாளர். ஊரில் பழகிய முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டத்தைத்தான் வருடக்கணக்காக ஆடிவந்தார். ஒரு மழைக்காலம் தொலைக்காட்சியில் கறுப்புக்கண்ணாடி போட்டவர்கள் போக்கர் ஆடுவதைத் தொடர்ந்து பார்த்தார். பச்சைத் துணி விரித்த மேசையும் பிளாஸ்ரிக் வில்லைகள் நிறைந்த ஒரு பெட்டியும் வாங்கி நிலக்கீழ் அறையில் வைத்தார். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு; ஆளுக்கு நூறு குரோனர். கூட ஆட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மட்டக்களப்புச் சிவகுரு. அத்தானின் கீழ்தான் வேலை. மற்றவர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்யும் அல்பிரட்.

முதல் இரண்டு சனியும் கஜரூபன் வென்றான். மூன்றாவது சனிக்கு முன்பே அக்கா தர்மினி தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, கீழை என்னடா நடக்குது?"

"ஒண்டும் நடக்கேல்லை. விளையாடுறம்."

"அந்த மனுசன் சனிக்கிழமை மேலை வந்ததிலையிருந்து மூண்டு நாளாக் கதைக்கேல்லை. சோறு போட்டால் தின்னுது, போகுது. நீ சின்னப்பிள்ளையே? ஒரு நாளைக்கு விட்டுக் குடுத்தால் குறைஞ்சே போவாய்?"

"அது விளையாட்டெல்லோ அக்கா."

"உனக்கு விளையாட்டு. அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது நானெல்லோ."

அன்றிலிருந்து கஜரூபன் தோற்கத் தொடங்கினான். லேசான வேலை என்றுதான் நினைத்தான். ஆனால் அத்தானுக்குத் தோற்பதற்கு அத்தான் ஆட்டத்தில் இருக்க வேண்டும். அவரோ யாராவது கொஞ்சம் கூடுதலாகப் பணயம் வைத்துவிட்டால் வெல்லும் சீட்டையும் கவிழ்த்துப் போட்டுவிடுவார். ஒருமுறை கையில் ஆஸ் இரண்டு வைத்திருந்து பயந்து எறிந்தார். ஆகவே அவருக்கு என்ன சீட்டு வந்திருக்கிறது என்பதை முகத்திலிருந்து கண்டுபிடித்து, பயம் வராத அளவுக்குப் பணயம் வைத்து, கைப்பிடித்துக் கூட்டிப்போவது போல அவரை வெற்றிவரை கூட்டிப்போக வேண்டியிருந்தது. நல்ல சீட்டென்றால் அத்தான் தேத்தண்ணியை மறந்துவிடுவார். நல்ல சீட்டில்லாமல் புளுகுகிறாரென்றால் நிமிர்ந்து உட்கார்ந்து நொர்வேஜியரின் பாஷையான நொர்ஸ்கில் கதைப்பார். அப்போது, "வாஷ்கூ," என்று, இந்தாருங்கள் என்பதற்கான நொர்ஸ்க் சொல்லை மிக மரியாதையாகச் சொல்லி வில்லைகளை முன்னே தள்ளுவார். உடனே கஜரூபன் தன் இரண்டு ராசாக்களையும் கவிழ்த்துப் போட்டு, "எப்பிடி அத்தான் உங்களுக்கு மட்டும் வருது?" என்று கேட்பான்.

சிவகுருவும் தோற்றார். அவருடைய வேலை நேரத்தை எழுதுகிறவர் அத்தான். எழுதுகிறவரிடம் வென்றுவிட்டு ஞாயிறு காலை ஐந்து மணி ஷிஃப்ற்றுக்குப் போக அவருக்கு விருப்பமில்லை. இதைப் பற்றி அவரும் கஜரூபனும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் தோற்கும் அழகை மற்றவர் பார்த்து, மனதுக்குள் மெச்சிக்கொள்வதோடு சரி.

எட்டு மாதம் இப்படிப் போனது. அத்தான் சோற்றை ருசித்துச் சாப்பிட்டார். அக்கா சந்தோஷமாக இருந்தாள். யூன் தொடக்கத்தில் ஒரு சனி அத்தான் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஸ்தொவ்னரில் ஒரு போக்கர் கழகம் போட்டி வைக்கிறது. காசு வைத்து ஆடச் சட்டம் விடாதபடியால் கட்டணமில்லை. பரிசு, வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு விமானச் சீட்டு.

"எங்கள் நாலு பேரின்ரை பேரையும் குடுத்திட்டன்," என்றார். "நீங்கள் வெல்லமாட்டியள். பரவாயில்லை, அனுபவம்தானே."

போட்டி ஒரு ஞாயிறு மத்தியானம், பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் தொப்பியும் தொளதொளத்த சட்டையும் போட்ட நொர்வேஜியப் பெடியள். அத்தான் கோட்டும் ரையும் கட்டி வந்தார். அல்பிரட் பதினைந்து நிமிடத்தில் தோற்று, சொசேஜ் விற்கும் மேசையடிக்குப் போனார். சிவகுருவுக்கு மண்டபத்தின் மற்றப் பக்கம் இடம் கிடைத்தது. கஜரூபனுக்குக் கிடைத்த மேசையில் நேரெதிரே அத்தான் இருந்தார்.

முதல் ஒரு மணித்தியாலம் கஜரூபன் அத்தானைப் பார்க்காமல் ஆடினான். அன்னியரோடு ஆடும் ஆட்டம் அவனுக்கு வெஸ்ட்லியில் கணினிக்கு முன்னால் இருப்பது போலவே இருந்தது. இரண்டு பேரை வெளியே அனுப்பினான். முன்னால் வில்லைகள் கோபுரமாக எழுந்தன. அத்தானின் வில்லைகள் கரைந்துகொண்டு போயின. அவரை வாசிக்கவும் முடியவில்லை. நொர்வேஜியர் மேசையில் எல்லாவற்றையுமே நொர்ஸ்கில்தான் சொல்லவேண்டியிருந்தது, ஆகவே எது புளுகு, எது உண்மை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

பிறகு கஜரூபனுக்கு இரண்டு ராசாக்கள் வந்தன. பெரிய பணயம் வைத்தான். மற்றவர்கள் எல்லோரும் விலகினார்கள். அத்தான் விலகவில்லை. தன்னிடம் இருந்த அத்தனையையும் முன்னே தள்ளினார். அது கஜரூபன் வைத்ததைவிட இரண்டு வில்லைதான் கூட. அந்த இரண்டைப் போட்டால் அத்தானின் சீட்டைப் பார்க்கலாம். அவன் முன்னால் நூற்றுக்கு மேல் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். அத்தானின் நெற்றியில் வியர்வை. ரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கஜரூபனின் காற்சட்டைப் பையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. அக்கா, அவர் எப்படி ஆடுகிறார் என்று மூன்றாம் முறை கேட்கிறாள். எட்டு மாதப் பழக்கம் கைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. கை தானாகவே இரண்டு ராசாக்களையும் கவிழ்த்துப் போட்டது.

பக்கத்திலிருந்த தொப்பிக்காரப் பெடியன் கவிழும்போதே அந்தச் சீட்டைக் கண்டுவிட்டான். உடனே கையைத் தூக்கி நடத்துநரைக் கூப்பிட்டான்.

நடத்துநரின் பெயர் ரூனார். உயரமான, சாந்தமான மனிதர். கஜரூபனைச் சுவரோரமாகக் கூட்டிப்போய், கோபமில்லாமல் கேட்டார். உரையாடல் முழுவதும் நொர்ஸ்கில் நடந்தது.

"இரண்டு வில்லைக்காக இரண்டு ராசாக்களை யாரும் எறிவதில்லை. நீங்கள் அவருக்கு வில்லைகளைக் கொடுத்தீர்கள். பரிசைப் பங்கு போடப் பேசியிருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் ஏன்?"

"அவர் என் ஸ்வோகர்," என்றான் கஜரூபன். அத்தானுக்கு நொர்ஸ்கில் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

ரூனார் காத்திருந்தார். அத்தோடு விளக்கம் முடிந்துவிட்டது என்பது அவருக்கு விளங்கவில்லை.

"எனக்கும் ஒரு ஸ்வோகர் இருக்கிறான்," என்றார் கடைசியில். "அவனுடைய காரைக்கூட நான் சீட்டில் வென்றுவிடுவேன்."

"இது அப்படியில்லை. இவர் என் அக்காவைக் கட்டியவர்."

"ஸ்வோகர் என்றால் அதுதானே."

"ஓம். ஆனால்..." கஜரூபன் சொற்களைத் தேடினான். "இவர் தோற்றால் அக்காவோடு கதைக்கமாட்டார்."

ரூனாரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "உங்கள் அக்காவுக்கு உதவி ஏதாவது தேவையா? அதற்கென்று ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது."

"ஐயோ, அப்படி ஒன்றுமில்லை. அவர் நல்ல மனிதர்."

"அவருக்குப் பயப்படுகிறீர்களா?"

"இல்லை. மரியாதை."

"மரியாதை என்றால் நன்றாக ஆட வேண்டுமல்லவா?" என்றான் பின்னாலேயே வந்திருந்த தொப்பிக்காரன். "அல்லது உனக்கு ஆடத் தெரியாதா?"

முப்பத்தோராவதாக வந்ததை யாருக்கும் சொல்ல முடியாமல் வைத்திருந்தவன் கஜரூபன். அந்தக் கேள்வி பட வேண்டிய இடத்தில் பட்டது.

"எனக்கு ஆடத் தெரியும்," என்றான். "ஆடத் தெரியாதவர் அவர்தான். எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் வேண்டுமென்றே அவருக்குத் தோற்கிறோம். நல்ல சீட்டை எறிவார், கெட்ட சீட்டுக்குக் காசு போடுவார். நான் விட்டுக்கொடுக்காவிட்டால் ஒருநாளும் வெல்லமாட்டார்."

பத்து வருடத்தில் அவன் இவ்வளவு பிழையில்லாமல் நொர்ஸ்க் கதைத்ததில்லை. ரூனாரின் கண்கள் அவன் தோளுக்குப் பின்னால் போனபோதுதான் திரும்பிப் பார்த்தான். அத்தான் நின்றார். மச்சானுக்கு ஏதோ பிரச்சினை, பெரிய மனிதனாகப் போய்க் கதைத்துத் தீர்த்துவைப்போம் என்று ரையைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தார்.

அத்தான் ரூனாரைப் பார்த்து, மிக நிதானமாக, "இவரை வெளியே போடுங்கள்," என்றார். "எனக்கு என்னுடைய வில்லைகள் மட்டும் போதும்."

ரூனாரும் அப்படியே தீர்ப்புச் சொன்னார். கஜரூபன் தன் கோபுரத்தோடு போட்டியிலிருந்து நீக்கப்பட்டான். அத்தான் அந்த ஆட்டத்தில் வைத்தது அவருக்கே திரும்பிக் கிடைத்தது.

கஜரூபன் அல்பிரட்டுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் சிவகுருவும் தோற்று வந்தார். நடந்ததைக் கேட்டார்.

"என்ட பேரும் சொன்னியா?"

"நாங்கள் எண்டு சொன்னனான்."

சிவகுரு கண்ணை மூடினார். "மறுகா என்ன, ஞாயிறு அஞ்சு மணிதான் நமக்கு," என்றார்.

அத்தான் ஆடினார். மோசமாகத்தான் ஆடினார். ஆனால் கோட்டும் ரையும் கட்டிய நரைத்த மனிதர் ஒருவர் நிமிர்ந்து இருந்து, "வாஷ்கூ," என்று வில்லைகளைத் தள்ளும்போது, அது பொய்யாக இருக்கும் என்று அந்தப் பெடியளுக்குத் தோன்றவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சீட்டைக் கவிழ்த்தார்கள். கணக்கும் புத்தகமும் படித்த கஜரூபன் வாங்கில் இருக்க, அத்தான் கடைசி ஒன்பது பேர் மேசைக்குப் போனார். அங்கே தொப்பிக்காரன் அவரை நம்பவில்லை. ஏழாவதாக வெளியேறினார். எழுந்து, மேசையில் எல்லோருக்கும் கைகொடுத்தார். மணி பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் கொடுத்தார்.

அத்தான் காரை ஸ்ட்ரோம்மனுக்கு ஓட்டினார்; கஜரூபன் பக்கத்தில் இருந்தான். பின்னால் இருந்த இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"எட்டு மாசமோ?" என்றார் அத்தான்.

"ஓம் அத்தான்."

"சிவகுருவுமோ?"

சிவகுரு இருமினார்.

"அல்பிரட்?"

"இல்லை," என்றார் அல்பிரட் பின்னாலிருந்து. "நான் உண்மையாத் தோக்கிறனான்."

அத்தான் தலையாட்டினார். வீட்டில் கோபமும் இல்லை, மௌனமும் இல்லை. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டு, ஏழாம் இடம் வந்த கதையை அக்காவுக்கு முழுதாகச் சொன்னார். "அந்தத் தொப்பி போட்ட பெடியன் என்னைப் பிடிச்சிட்டான்," என்றார் பெருமையாக. "என்னை ஆரெண்டே தெரியாது அவனுக்கு." சிவகுருவின் வேலை நேரத்திலும் ஒரு மாற்றமும் வரவில்லை.

அடுத்த சனி வழமைபோல் எல்லோரும் வந்தார்கள். அத்தான் ஒரே விதி சொன்னார்: இனிமேல் ஒருவரும் விட்டுக்கொடுக்கக்கூடாது. கஜரூபனுக்கு மனம் லேசானது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த அறையில் அவன் மறுபடி தன் முழுத் திறமையோடு உட்கார்ந்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்கு ஆஸும் ராணியுமாக இரண்டு சோடி சேர்ந்தது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாஷ்கூ," என்றார். புளுகு என்று கஜரூபனுக்கு நிச்சயம். முன்னால் இருந்த எல்லாவற்றையும் தள்ளினான். அத்தான் தன் சீட்டைத் திருப்பினார். நடுவில் கிடந்ததோடு சேர்த்து ஐந்து சீட்டும் ஒரே இனம், இஸ்கோப்பன்; அது இரண்டு சோடியை வெல்லும். கஜரூபன் மேசையை இரண்டு தரம் பார்த்தான். தோற்றிருந்தான்.

அத்தான் வில்லைகளைத் தொடவில்லை.

"நான் என்ன சொன்னனான்?"

"அத்தான், இது உண்மை. நான் வெல்லத்தான் விளையாடினனான்."

"உன்னைப்போலக் கெட்டிக்காரன் இதுக்கு முழுக்கப் போடுவானே?"

"போட்டனான். பிழை விட்டிட்டன்."

"நான் ஆடத் தெரியாதவன் எண்டு அந்த மனுசனுக்கு முன்னாலை நீதானே சொன்னனீ. அப்ப எப்பிடி உன்னை வெண்டனான்?"

கஜரூபன் சிவகுருவைப் பார்த்தான். அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான்; தான் என்ன நினைத்து எவ்வளவு போட்டான் என்று படிப்படியாக விளக்கினான். விளக்க விளக்க அது இன்னும் பொய் போலவே கேட்டது. அத்தான் பொறுமையாகக் கேட்டு முடித்து, கை நீட்டி அவன் முதுகில் தட்டினார்.

"நல்ல பிள்ளை நீ," என்றார். "ஆனால் இனி வேண்டாம்."

வில்லைகள் முழுவதையும் அவன் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார்.